கறிவேப்பிலை வாங்கப் போகும் சைக்கிளுக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா உங்களுக்கு?

மாடிப்படிக்குக் கீழே, காற்று இறங்கிய டயரோடு, உடைந்த வாளிக்கும் ஒட்டடைக் குச்சிக்கும் நடுவில் சாத்தி வைத்திருக்கிறீர்களே, அந்தச் சைக்கிளைப் பற்றித்தான் பேசப்போகிறோம்! பந்தய சைக்கிள் இல்லை. கியர் வைத்த மலை சைக்கிளும் இல்லை. பால் பாக்கெட், அரை கிலோ வெங்காயம், ரேஷன் அரிசி, மாவு மில் என்று வீட்டு வேலைக்காக ஓடிய சாதாரண சைக்கிள். அதன் கதையில் ஓர் எரிமலை வருகிறது, ஒரு போர் வருகிறது, ஒரு மாவட்டத்தையே புரட்டிப்போட்ட பெண்கள் வருகிறார்கள். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

1. உலகத்திலேயே சிக்கனமான பயணி யார் தெரியுமா?

பறவையா? மீனா? குதிரையா? மூன்றும் இல்லை. சைக்கிள் ஓட்டும் மனிதர்தான்! 1973 மார்ச் மாத 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எஸ்.எஸ். வில்சன் என்ற பொறியியல் அறிஞர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கிராம் எடையை ஒரு கிலோமீட்டர் தூரம் கொண்டுபோக, நடக்கிறவருக்கு ஏறக்குறைய 0.75 கலோரி தேவை. அதே ஆள் சைக்கிளில் ஏறினால் 0.15 கலோரி போதும். ஐந்தில் ஒரு பங்கு! கடைத்தெருவுக்குப் போய்வர ஐந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், காலையில் சாப்பிட்ட இரண்டு மூன்று இட்லியின் சக்தியே போதும். பெட்ரோல் பங்க் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

2. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் கம்பி இல்லை, தெரியுமா?

உங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிள் இருந்தால் இப்போதே போய் எண்ணிப் பாருங்கள். முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40 கம்பி! ஏன் இந்த ஓரவஞ்சனை? ஓட்டுகிறவரின் எடையில் பெரும்பகுதி விழுவது பின்சக்கரத்தில். போதாததற்குக் கேரியரில் அரிசி மூட்டை வேறு. அதனால்தான் அங்கே எட்டுக் கம்பி கூடுதல். சுமை தூக்கப்போகிறது என்று தெரிந்தே பெற்றெடுத்திருக்கிறார்கள்! இன்னொரு அதிசயம்: அந்தக் கம்பிகள் எல்லாமே விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டவை. தூண் மாதிரி தாங்குவதில்லை, நாலாபக்கமும் இழுத்துப் பிடித்து நிற்கின்றன. அந்த இழுவிசைதான் இவ்வளவு மெல்லிய சக்கரத்துக்கு அவ்வளவு பலம். ஒரு கம்பி தளர்ந்தால்கூடச் சக்கரம் கோட்டம் எடுக்கும். சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, காதைக் கிட்டே வைத்துக் கம்பி கம்பியாகத் தட்டிப் பார்ப்பது சும்மா இல்லை!

3. எங்கோ வெடித்த எரிமலைக்கும் சைக்கிளுக்கும் தொடர்பு உண்டாம், தெரியுமா?

1815. இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. சாம்பல் வானத்தை மூடியது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. பயிர் அழிந்தது, தீவனம் ஆனை விலை குதிரை விலை விற்றது. குதிரைக்குத் தீனி போட முடியாத நிலை. 1817 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கர மர வண்டி ஒன்றில் ஏறி, தரையைக் காலால் உந்தி உந்தி ஓட்டிக் காட்டினார். பெடல் கிடையாது, செயின் கிடையாது, ஆனால் சைக்கிளின் மூதாதை அதுதான். குதிரைக்கு மாற்றுத் தேடியதன் பின்னணியில் அந்தத் தீவனப் பஞ்சம் இருந்தது என்று வரலாற்றாய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். வைக்கோல் கேட்காத வாகனம் அன்றும் தேவைப்பட்டது, இன்றும் தேவைப்படுகிறது!

4. இன்றைய சைக்கிளின் உருவம் 1885-லேயே முடிவாகிவிட்டது, தெரியுமா?

இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய 'ரோவர்' சைக்கிளைப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், நடுவில் பெடல், பின்சக்கரத்தை இழுக்கும் செயின். அதற்கு முன்பு ஆள் உயரத்துக்கு முன்சக்கரம் வைத்த வண்டியில் ஏறி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் ஏராளம். மூன்றே ஆண்டில், 1888-இல், பெல்பாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காகச் செய்து பார்த்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். உயரம் குறைந்தது, குலுக்கல் குறைந்தது. சைக்கிள் சாகசக்காரர் கையிலிருந்து சாமான் வாங்கப் போகிறவர் கைக்கு வந்து சேர்ந்தது!

5. ஒரு சைக்கிள் எவ்வளவு சுமக்கும் தெரியுமா?

சமையல் எரிவாயு சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ. இரும்போடு சேர்த்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. கேரியரின் இரு பக்கமும் கொக்கி போட்டுப் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு சந்து சந்தாக வருகிறாரே சிலிண்டர் போடுகிறவர், அவர் சைக்கிளில் 60 கிலோ தொங்குகிறது! சென்னைத் தண்ணீர்ப் பஞ்சத்தில் குடம் குடமாகத் தெருக்களுக்குத் தண்ணீர் வந்ததும் இதே கேரியரில்தான்.

இதெல்லாம் என்ன! வியட்நாமுக்குப் போங்கள். 1954-இல் தியன் பியன் பூ போர். காட்டு மலைப்பாதையில் வியட்நாம் படைகளுக்கு அரிசியும் குண்டுகளும் கொண்டுபோனதில் ஆயிரக்கணக்கான சைக்கிள்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. ஹேண்டில்பாரோடு மூங்கிலைக் கட்டி நீட்டி, சீட்டுக்குப் பின்னால் இன்னொரு கழியை நட்டு, வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே போனார்கள். ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கும் மேல்! இத்தனையும் தாங்கும் வண்டி, நம் வீட்டு வாரக் காய்கறியைத் தாங்காதா?

6. வெங்காயம் விற்கக் கடல் கடந்த சைக்கிள்காரர்கள் தெரியுமா?

பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் ரோஸ்காஃப் என்று ஓர் ஊர். இளஞ்சிவப்பு வெங்காயத்துக்குப் பேர்போனது. அந்த ஊர் விவசாயிகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே கப்பலில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய் வீடு வீடாக விற்றார்கள். முதலில் தோளில், பிறகு சைக்கிளில். சடை பின்னியது போல வெங்காயத்தைச் சரம் சரமாகக் கட்டி ஹேண்டில்பார் முழுக்கத் தொங்கவிட்டிருப்பார்கள். பிரிட்டிஷ்காரர்கள் அவர்களுக்கு 'ஆனியன் ஜானி' என்று செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். விளைவித்தவரே வீட்டு வாசலில் வந்து நிற்கும் வியாபாரம். நடுவில் தரகர் இல்லை!

7. நூடுல்ஸ் கோபுரத்தைத் தோளில் சுமந்த ஜப்பான்காரர்களைத் தெரியுமா?

பழைய டோக்கியோ புகைப்படங்களில் ஒரு காட்சி வரும். ஒரு கை ஹேண்டில்பாரில். மறு தோளில், ஆளை விட உயரமாக அடுக்கிய சோபா நூடுல்ஸ் தட்டுகள். போக்குவரத்துக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போவார்! பிற்பாடு 1958-இல் ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்ற சின்ன மோட்டார் வண்டியை வடிவமைத்தபோது, சோபா கொண்டுபோகிறவர் ஒரே கையால் ஓட்டும்படி இருக்க வேண்டும் என்று கிளட்ச் லீவரையே எடுத்துவிட்டார்கள். அந்த வண்டி உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேல் உற்பத்தியானது. அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது சாப்பாடு சுமந்த சைக்கிள்!

அதே ஜப்பானில் அம்மாக்களுக்கென்றே 'மாமாசாரி' என்று ஒரு சைக்கிள் உண்டு. முன்னால் பெரிய கூடை, பின்னால் குழந்தை சீட், சாமான் ஏற்றும்போது சாயாமல் நிற்கும் அகலமான ஸ்டாண்டு, பின்சக்கரத்திலேயே பூட்டு. பள்ளிக்கூடமும் மளிகைக்கடையும் ஒரே சுற்றில் முடிந்துவிடும். 1993-இல் யமஹா நிறுவனம் மிதிக்கும்போது மோட்டார் கைகொடுக்கும் சைக்கிளை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் ஜப்பானில்தான்.

8. மும்பையின் மதியச் சாப்பாடு எதில் வருகிறது தெரியுமா?

1890-இல் மகாதேவ் ஹாவாஜி பச்சே தொடங்கிவைத்த டப்பாவாலா வேலை, கொரோனாவுக்கு முன்பு வரை நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் டிபன் பெட்டிகளைச் சுமந்தது. வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை சைக்கிள், நடுவில் மின்ரயில், இறங்கியதும் மறுபடி சைக்கிள். வீட்டில் வைத்த சாம்பார் ஆறுவதற்குள் அலுவலக மேசைக்கு வந்துவிடும். இன்றைய உணவு டெலிவரி செயலிகளுக்கெல்லாம் முன்னோடி!

9. பிறந்தநாள் பரிசு ஒன்று ஒரு நகரத்தையே மாற்றியது தெரியுமா?

டென்மார்க்கின் கோபன்ஹேகனில், கார்களுக்கு இடமே இல்லாத கிறிஸ்டியானியா குடியிருப்பில் வாழ்ந்தவர் லார்ஸ் எங்ஸ்ட்ரோம். 1984-இல் தன் துணைவிக்குப் பிறந்தநாள் பரிசாக, முன்னால் பெரிய மரப்பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிள் ஒன்றைச் செய்து கொடுத்தார். பார்த்தவர்கள் எல்லாம் 'எனக்கும் ஒன்று' என்றார்கள். இன்று கோபன்ஹேகனில் இரண்டு அல்லது அதற்கு மேல் குழந்தைகள் உள்ள குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றிடம் இப்படிப்பட்ட சரக்கு சைக்கிள் இருக்கிறது. பெட்டிக்குள் இரண்டு குழந்தைகள், அவர்கள் மடியில் ரொட்டியும் காய்கறியும்!

10. நெதர்லாந்து ஒருநாளில் சைக்கிள் நாடாகிவிடவில்லை, தெரியுமா?

அங்கே மக்கள்தொகையை விட சைக்கிள்கள் அதிகம். உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிறுத்தும் இடமே இருக்கிறது! ஆனால் 1971-இல் அந்த நாட்டில் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர் கொதித்தெழுந்து தெருவில் இறங்கினார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதே அந்த இயக்கத்தின் பெயர். 1973-இல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று தடைபோட்டது. காலியான சாலையில் மக்கள் சைக்கிளோடு இறங்கினார்கள். அதற்குப் பிறகு வந்தவைதான் இன்றைய சைக்கிள் தனிப்பாதைகள். கேட்டு வாங்கியவை அவை!

பாரிஸும் விழித்துக்கொண்டது. 2024-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, நகருக்குள் நடக்கும் பயணங்களில் சைக்கிளுக்கு 11.2 சதவீதம், காருக்கு வெறும் 4.3 சதவீதம்!

11. கடைக்காரருக்கு அதிகம் கொடுப்பவர் யார் தெரியுமா?

'கார் நிறுத்த இடம் இல்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்' என்று கடைக்காரர்கள் சொல்வது எல்லா ஊரிலும் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒருமுறை கேட்டுப் பார்த்தார்கள். வாடிக்கையாளர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்கள் நினைத்தார்கள். எண்ணிப் பார்த்தால் 22 சதவீதம்தான்! அமெரிக்காவின் போர்ட்லாந்தில் இன்னொரு ஆய்வு. சைக்கிளில் வருகிறவர் ஒரு தடவைக்கு வாங்குவது கொஞ்சம். ஆனால் அடிக்கடி வருகிறார். மாதக் கணக்கில் பார்த்தால் சின்னக் கடைகளிலும் உணவகங்களிலும் காரில் வருகிறவரை விட அதிகம் செலவழிக்கிறார். காரணம் எளிது. பெரிய டிக்கி இருந்தால் தொலைதூர சூப்பர் மார்க்கெட்டில் ஒரே மூச்சில் அள்ளிவருவோம். சைக்கிளில் போனால் பக்கத்துக் கடை, தெரிந்த அண்ணாச்சி, அன்றன்றைக்குத் தேவையான காய். பணம் அந்தந்தத் தெருவிலேயே சுற்றும்!

12. ஒரு லட்சம் பெண்கள் ஒன்றாகச் சைக்கிள் கற்ற மாவட்டம் எது தெரியுமா?

அயல்நாடு எல்லாம் போதும், நம் புதுக்கோட்டைக்கு வாருங்கள்! 1990-களின் தொடக்கம். அறிவொளி இயக்கம் எழுத்து சொல்லிக்கொடுக்கக் கிராமம் கிராமமாகப் போனது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் தாங்களாகப் போய்வர ஒரு வண்டி வேண்டும் என்று சைக்கிளையும் பாடத்தில் சேர்த்தார். வயல்வேலை செய்கிறவர்கள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார்.

கவனியுங்கள், இங்கேதான் நம் விஷயம் வருகிறது! அதுவரை விளைபொருள் விற்கப் போக வேண்டுமென்றால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். பஸ் எப்போதாவது வரும். அதில் ஏறி இறங்கும் இடமும் சந்தைக்குத் தள்ளி. சைக்கிள் வந்ததும் அந்தக் காத்திருப்பு காணாமல் போனது. நாலைந்து கிராமம் சுற்றி விற்க முடிந்தது, வருமானம் கூடியது. மிச்சமான நேரத்தில் வீட்டு வேலையும் முடிந்தது, கொஞ்சம் ஓய்வும் கிடைத்தது. தண்ணீர் எடுக்க, பிள்ளையைக் கொண்டுவிட, சாமான் வாங்க யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். சில பெண்கள் அதைத்தான் விரும்பியே கேட்டார்களாம். ஏன் தெரியுமா? சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் ஒரு பார் இருக்கிறதே, அதில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்!

தமிழ்நாட்டுப் பள்ளி மாணவிகளுக்கு 2000-களின் தொடக்கத்தில் அரசு இலவச சைக்கிள் தரத் தொடங்கியது. பீகார் 2006-இல் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும் பீகாரை ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 30 சதவீதம் கூடியதைக் காட்டினார்கள். பள்ளிவிட்டு வரும் அந்தச் சைக்கிளின் கூடையில்தான் எத்தனையோ வீட்டு மளிகையும் வந்து சேர்கிறது.

13. பெட்ரோலே இல்லாத ஊரை ஓட்டியது எது தெரியுமா?

இலங்கையின் யாழ்ப்பாணம். போர்க்காலத்தில் எரிபொருளுக்குத் தடை. மோட்டார் வண்டிகள் முடங்கின. சைக்கிள்தான் குடும்ப வண்டி, சரக்கு வண்டி, சில சமயம் ஆம்புலன்ஸும் கூட. அங்குள்ள சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளுக்கு வாழைக்குலையும் மரக்கறியும் அதில்தான் போயின. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் 20,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்து ஓர் அமைப்பு வேலையைத் தொடங்கியது: 'வேர்ல்டு பைசிக்கிள் ரிலீஃப்'. இன்று அது ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கு 100 கிலோ சுமக்கும் முரட்டு சைக்கிள்களைக் கொண்டுபோகிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்றபோதும் இலங்கை மறுபடி சைக்கிளைத்தான் தேடியது!

14. முக்குக் கடைக்கு பைக் எடுப்பதில் இருக்கும் நஷ்டம் தெரியுமா?

கார், பைக்கில் புகையைச் சுத்தப்படுத்தும் கருவி நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். இரண்டு கிலோமீட்டர் பயணத்தில் அது சூடாவதற்குள்ளேயே கணிசமான தூரம் போய்விடும்! ஆக, குட்டிப் பயணத்தில்தான் கிலோமீட்டருக்கு அதிகப் புகை, அதிக எண்ணெய்ச் செலவு. அதே இரண்டு கிலோமீட்டரை நிதானமான வேகத்தில் சைக்கிளில் கடக்க எட்டு நிமிடம் போதும். உடம்புக்கோ லாபம்தான். பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களிடையே இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது.

15. சாமான் கட்டுவதிலும் ஒரு சாஸ்திரம் உண்டு, தெரியுமா?

கனமானது கேரியரில், நட்டநடுவில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக. இரண்டு பக்கமும் பை தொங்கினால் எடை சமமாக இருக்கட்டும். கட்டுவதற்குப் பழைய டியூபை நீளவாக்கில் கிழித்த ரப்பர் பட்டைக்கு ஈடு இணை கிடையாது. இழுத்துக் கட்டினால் இறுகிப் பிடிக்கும், குலுங்கினாலும் நழுவாது. கீரை, கொத்தமல்லி, தக்காளி முன்கூடையில். முட்டையைத் துண்டில் சுற்றி எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். ஹேண்டிலில் மஞ்சப்பை மாட்டினால் அது ஆடி முன்சக்கரக் கம்பியில் சிக்காத உயரத்தில் இருக்கட்டும், சிக்கினால் ஆளையே கவிழ்த்துவிடும்! சேலை, துப்பட்டா அணிகிறவர்கள் பின்சக்கரத்துக்கு வலை மாட்டிக்கொள்ளுங்கள். கிளம்புமுன் பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் முதலில் காற்று, பிறகுதான் கடை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 44.8 சதவீதக் குடும்பங்களிடம் சைக்கிள் இருந்தது. கார் வைத்திருந்தவை 4.7 சதவீதம்தான். ஆக, இந்த வாகனம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது, அதற்குச் சாலையில் ஓரமாக ஒரு பாதையும், கடைவாசலில் பூட்டி வைக்க ஓர் இரும்புக் கம்பியும்தான். அதை உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். நெதர்லாந்துப் பெற்றோரும் கேட்டுத்தான் வாங்கினார்கள்.

சரி, சைக்கிளில் முதலில் எங்கே போகலாம்? 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது. இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருக்கிறது. நாளைக் காலை ஆறரை மணிக்குச் சைக்கிளில் போய்ப் பாருங்கள். வெயில் ஏறியிருக்காது, காய் வாடியிருக்காது, விளைவித்தவர் கையிலேயே காசைக் கொடுக்கலாம். இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் எந்தக் கடைக்கும் இனி சைக்கிள்தான் என்று வீட்டில் ஒரு முடிவெடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் காற்றடித்துச் செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்!